மூன்று வயதில் கற்றுக்கொடுத்துவிட்டு பதினேழு வயதில் விசாரிக்கிறோம்

பள்ளி மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பற்றித் தமிழ்நாடு நிறையவே பேசிவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரின் வீட்டுக்குள் புகுந்து, அவரையும் அவருடைய தங்கையையும் வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. 2024 சூனில் அறிக்கை வந்தது. பள்ளிகளின் பெயரில் ஒட்டியிருக்கும் சாதியை நீக்க வேண்டும், கயிறு கட்டக் கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளின் சாதியை வகுப்பில் வைத்துச் சொல்லக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. எல்லாம் தேவையானவை. எதிர்த்தவர்கள் யார் யார் என்பதைப் பார்த்தாலே அவை எவ்வளவு தேவையானவை என்று புரியும்.

ஆனால் குழுவின் பணி வரம்பு பள்ளி, கல்லூரி மாணவர்கள். நம்முடைய பேச்சும் அந்த வயதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பதினைந்து, பதினாறு, பதினேழு. அரிவாள் பிடித்த கை எந்தச் சாதிச் சங்கத்தின் துண்டறிக்கையைப் பிடித்திருந்தது, எந்தச் சினிமாவுக்குக் கைதட்டியது என்று ஆராய்கிறோம். அந்தக் கை ஒன்றரை வயதில் எதைத் தொடப் போய் தட்டிவிடப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

நான் இதை மரக்காணம் உப்பளக் கரையை வைத்துக் கேட்கிறேன். காரணம் இருக்கிறது.

2013 ஏப்ரல் 25. சித்திரை முழுநிலவு நாள். மாமல்லபுரத்தில் நடந்த வன்னியர் இளைஞர் பெருவிழாவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வண்டிகள் போயின. மரக்காணத்தில் கட்டையன் தெருவில் தலித்துகளின் வீடுகள் எரிந்தன. வாகனங்கள் எரிந்தன. அந்த நாளில் இரண்டு உயிர்களும் போயின. அதற்கு ஐந்தரை மாதத்துக்கு முன்புதான் தருமபுரி நாயக்கன்கொட்டாயில் நத்தம் காலனியைக் கொளுத்தியிருந்தார்கள். யார் முதலில் கல்லெறிந்தது என்ற விவாதம் அப்போது தொலைக்காட்சிகளில் பல நாள் ஓடியது. வழக்குகள், கைதுகள், அறிக்கைகள் என்று எல்லாமே பெரியவர்களைப் பற்றியதாகவே இருந்தன. 2025 மே 11 அன்று அதே விழாவை மாமல்லபுரம் அருகே திருவிடந்தையில் மறுபடியும் நடத்தினார்கள். அந்த இடைவெளியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டு ஆண்டு. கூரை எரிந்த அன்றைக்கு அம்மாவின் இடுப்பில் இருந்த மூன்று வயதுக் குழந்தைக்கு 2025இல் பதினைந்து வயது.

ஒரு மனிதன் உருவாகும் காலம் கிட்டத்தட்ட முழுவதும் இந்த இரண்டு பெருவிழாக்களுக்கு நடுவில் அடங்கிவிட்டது.

வளர்ச்சி உளவியல் படிப்பவர்களுக்கு எரிக் எரிக்சன் பெயர் தெரிந்திருக்கும். 1950இல் வந்த தன் நூலில் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். நடை பழகும் வயதில் குழந்தைக்குக் கிடைக்க வேண்டியது தன்னாட்சி. கிடைக்காவிட்டால் வருவது வெட்கமும் தன்மீதே ஐயமும். பள்ளிக்கு முந்திய வயதில் தானாக ஒன்றைத் தொடங்கும் முனைப்பு. தடுத்தால் குற்ற உணர்வு. பள்ளி வயதில் ஒரு வேலையைச் செய்து முடிக்கும் திறமை, இல்லாவிட்டால் தாழ்வு. வளரிளம் பருவத்தில் 'நான் யார்' என்ற கேள்விக்கு விடை; இல்லாவிட்டால் குழப்பம். ஆசிரியர் பயிற்சியில் இதை மனப்பாடம் செய்து எழுதித் தேறியவர்கள் நம்மூரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர், சேரிக் குழந்தைக்கு இந்தக் கட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று தேர்வுத்தாளுக்கு வெளியே யோசித்திருப்பார்கள்? எரிக்சன் யோசித்தார். அமெரிக்கப் பழங்குடிகளான சியூ மக்களின் குழந்தைகளைப் பார்த்து அந்த நூலில் எழுதியிருக்கிறார். வெள்ளையரின் பள்ளி அந்தக் குழந்தைகளை என்ன செய்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பயிற்சி நிறுவனங்களுக்கு வந்து சேர்ந்தது அட்டவணை மட்டும்.

நடை பழகும் குழந்தையிலிருந்து தொடங்குவோம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உலகம் என்பது கால் போகும் தூரம். வாசலைத் தாண்டும், தெருமுனை வரை ஓடும், திரும்பி அம்மா இருக்கிறாளா என்று பார்க்கும், மறுபடியும் ஓடும். அம்மா அங்கே இருக்கிறாள் என்ற துணிச்சலில்தான் குழந்தை தூரம் போகிறது. 'வேணாம்', 'நானே' என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு வீட்டையே ஆட்டிப் படைக்கும் வயது அது.

சாதியும் அந்த வயதில்தான் தொடங்குகிறது என்கிறேன். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் இணையர் மூன்று வயது முதல் ஏழு வயது வரையான கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அந்த ஆய்வும் அடிக்குறிப்பில் இடம்பெற்றது. ஆனால் இந்தச் சோதனையை அப்படியே இங்கே செய்ய முடியாது. சாதிக்கு நிறம் கிடையாது; இரண்டு பொம்மைகளை வைத்தால் எது எந்தச் சாதி என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் நம் குழந்தைகள் சாதியைக் கண்ணால் கற்பதில்லை. காலால் கற்கிறார்கள். எந்தத் தெருமுனை வரை ஓடலாம், எந்தத் திண்ணையில் ஏறக் கூடாது, எந்தக் குழாயடியில் நிற்கக் கூடாது, எந்தக் கோயில் வாசலில் அம்மா கையை இறுக்கிப் பிடிப்பாள் என்பதெல்லாம் குழந்தைக்குப் பேச்சு திருந்தும் முன்பே மனப்பாடம். "அந்தப் பக்கம் போவாதடா" என்று அம்மா சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் பயம் குழந்தைக்குப் புரியும். காரணம் புரியாது. காரணம் தெரியாத பயம் வெட்கமாக மாறுவதற்கு அதிக நாள் பிடிக்காது. தன்னாட்சி வேண்டிய வயதில் நம் பிள்ளைக்குக் கிடைப்பது எல்லைக்கோடு.

ஊர்ப்பக்கத்துக் குழந்தைக்கும் அதே வயதில் அதே பாடம் வேறு குரலில் நடக்கிறது. "அங்க போவாத, அவங்க கொடுத்தா வாங்கித் தின்னாத." இந்தக் குரலில் அருவருப்பு இருக்கும். குழந்தைக்கு இயற்கையிலேயே அருவருப்பு கிடையாது. மண்ணையும் வாயில் வைக்கும், ஆட்டுப் புழுக்கையையும் வைக்கும். எதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டும் என்பது பெரியவர்கள் முகத்தைப் பார்த்துப் படிந்துகொள்வது. சக குழந்தை நீட்டும் முறுக்கைப் பார்த்து முகம் சுளிக்க ஒரு குழந்தைக்குச் சொல்லித்தருவது வன்முறை. அந்தக் குழந்தைமீது நடக்கும் வன்முறை என்றுதான் நான் சொல்வேன்.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் கடைக்கு மிட்டாய் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்க முடியாது என்று கடைக்காரர் சொன்ன காணொலியை எல்லோரும் பார்த்தோம். கைது நடந்தது, ஊருக்குள் வர ஆறு மாதம் தடையும் வந்தது. வரவேற்க வேண்டிய நடவடிக்கை. ஆனால் அந்தக் காணொலியில் என்னை உறுத்தியது வேறு. காசைக் கையில் வைத்துக்கொண்டு, தானாகக் கடைக்கு நடந்து, தானாகக் கேட்டு வாங்குவது ஒரு சின்னக் குழந்தைக்கு எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? எரிக்சன் முனைப்பு என்று சொன்னது அதைத்தான். அந்த வேலையின் நடுவில் அந்தப் பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மிட்டாயின் விலையை வைத்து இந்த இழப்பை அளக்க முடியாது.

இனி உப்பளம். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்புக்குப் பெயர் போன இடம் மரக்காணம். தை பிறந்த பிறகு பாத்திகளைச் சீர்செய்து, பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் உச்சத்துக்கு வந்து, ஐப்பசி மழையோடு முடியும் தொழில். உப்பை வாரிக் குவிப்பதும், குவித்ததைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுவருவதும்தான் வேலை. சுமப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெயிலுக்கு முந்திக்கொள்ள வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும். அங்கன்வாடி திறப்பது அதற்குப் பல மணி நேரம் கழித்து. அந்த இடைப்பட்ட நேரத்தில் இரண்டு வயதுக் குழந்தை யாரிடம் இருக்கிறது? பாட்டி இருந்தால் பாட்டியிடம். இல்லையென்றால் எட்டு வயது அக்காவிடம். அல்லது உப்பு மேட்டோரம், துணி கட்டிய நிழலில். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் பெரியவர்களின் கண்ணையே கெடுப்பது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. உப்பளங்கள் சிறு சிறு குத்தகைகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு முதலாளியின் கணக்கில் ஐம்பது பேர் தேறுவது அரிது. அடுத்தடுத்த வரப்பில் நூற்றுக்கணக்கான பெண்கள் சுமக்கிறார்கள், ஆனால் காகிதத்தில் எந்த இடத்திலும் ஐம்பது இல்லை. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம்கூட, வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்து என்று சொன்னது. ஏரி வெட்டும் தாய்க்கு உண்டு, உப்பு சுமக்கும் தாய்க்கு இல்லை. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் நல்லதுதான். அது வேலை இல்லாத மாதங்களுக்கு. குழந்தைக்கு ஆபத்து வேலை இருக்கும் மாதங்களில்.

சுமப்பவர்களில் தலித் பெண்களும் உண்டு, பிற்படுத்தப்பட்ட சாதிகளின் ஏழைப் பெண்களும் உண்டு. காலில் உப்பு அரித்த புண்ணுக்கு ஊர், காலனி வேறுபாடு கிடையாது. ஒரே காப்பகத்தில் இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் ஒரே பாயில் தூங்கி எழ வேண்டும் என்று நான் கேட்பது தாய்மாரின் வசதிக்காக மட்டுமல்ல. எல்லைக்கோட்டைக் கால் கற்றுக்கொள்ளும் வயதில் அந்தக் கோடு இல்லாத ஓர் இடத்தைக் காட்டிவிட முடியும் என்பதால். அங்கன்வாடி அந்த இடமாக இருந்திருக்க வேண்டும். 1975இல் தொடங்கிய திட்டம் ஐம்பது ஆண்டை எட்டிவிட்டது. ஆனால் ஊருக்கொரு மையம், காலனிக்கொரு மையம் என்று கட்டிய இடங்களில் அரசுக் கட்டடமே எல்லைக்கல் ஆகிவிட்டது. ஒரே மையம் இருக்கும் இடத்திலும் சமைப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்தில் அதே கதை. தட்டின் முன்னால் பசியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தையை எழுப்பி வீட்டுக்கு அழைத்துப்போகும் பெற்றோர் அந்தக் குழந்தைக்கு என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்? பசியைவிடச் சாதி பெரிது என்று. பதினேழு வயதில் அதே பிள்ளை சட்டத்தைவிடச் சாதி பெரிது என்று நினைத்தால் நாம் திடுக்கிடுகிறோம்.

பள்ளி வயதுக்கு வருவோம். மற்றவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதைக் குழந்தை ஊகிக்கத் தொடங்குவது ஆறிலிருந்து பத்து வயதுக்குள். ஏழு வயதில் 'அவன் என்னைச் சேர்த்துக்கல' என்று அழும் பிள்ளை, பத்து வயதில் 'எங்க தெருன்னா சேர்த்துக்க மாட்டாங்க' என்று அழாமல் சொல்லும். அந்த அழாமைதான் ஆபத்து. அண்ணல் அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்புகளில் 1901ஆம் ஆண்டுப் பயணத்தை எழுதியிருக்கிறார். தந்தையைப் பார்க்கக் கோரேகான் புறப்பட்ட சிறுவர்கள், மசூர் ரயில் நிலையம், சாதி தெரிந்ததும் ஏற்ற மறுத்த மாட்டுவண்டிக்காரர்கள், இரவெல்லாம் தண்ணீர் இல்லை. வகுப்பில் தனிச் சாக்கில் உட்கார்வதும், பணியாள் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்பதும் அதற்கு முன்பே அவருக்குப் பழகியிருந்தன. அதை இயல்பு என்று எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, இது இயல்பல்ல என்று உறைத்தது அந்தப் பயணத்தில். பத்து வயதளவில் நடந்ததை நாற்பது வயதைத் தாண்டியும் மணிக்கணக்கோடு எழுத முடிந்தது அவரால். காயம் அவ்வளவு நாள் வாழ்கிறது.

காயம் மதிப்பெண்ணிலும் தெரியும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்கு வழிகண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது தலித் சிறுவர்களும் மற்றவர்களும் ஏறத்தாழச் சமமாகவே தீர்த்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியைச் சேர்த்து வாசித்த பிறகு தலித் சிறுவர்களின் எண்ணிக்கை சரிந்தது. அறிவு மாறவில்லை, அறையில் ஒரு சொல் மட்டுமே கூடியது. 'எஸ்சி பசங்கெல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம்' என்று வகுப்பில் கூவும் ஆசிரியர் ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சோதனையைத்தான் நடத்துகிறார். சந்துரு குழு அதைத் தடுக்கச் சொன்னதன் அருமை இங்கே விளங்கும். இன்னொரு ஆய்வும் இருக்கிறது, நமக்குக் கசப்பானது. விடைத்தாள்களின் மேல் சாதியைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதித் திருத்தக் கொடுத்தபோது, தாழ்த்தப்பட்ட சாதிப் பெயர் இருந்த தாள்களுக்குச் சற்றே குறைவாக மதிப்பெண் விழுந்தது. குறைத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே. அவர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களும் ஒரு காலத்தில் எல்லைக்கோடு படித்த மூன்று வயதுக் குழந்தைகள்தான்.

வளரிளம் பருவத்துக்கு வந்தால் மரக்காணம் கரையில் இன்னொரு பிள்ளை நிற்கிறாள். கழுவெளியில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவும் இருளர் வீட்டுப் பெண். 'நான் யார்' என்பது எரிக்சனுக்கு உளவியல் கேள்வி. இவளுக்கு அது சான்றிதழ் கேள்வி. பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியர் நிலை அலுவலர்தான் தர வேண்டும். பெற்றோரிடம் சான்று இருக்கிறதா, உறவினரிடம் இருக்கிறதா என்று கோப்பு அலையும். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் ஆண்டுக்கணக்காக இதற்குப் போராடிவருகிறார்கள். கடைக்காரருக்கும் அண்டைத் தெருவுக்கும் அவள் சாதி பிறந்தது முதல் தெரியும், யாரும் ஆதாரம் கேட்டதில்லை. படிப்பைத் தொடர உரிமை கேட்கும் நாளில் மட்டும் அவள் யார் என்று அரசுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

அதே வயது ஆதிக்கச் சாதிப் பையனுக்கு 'நான் யார்' என்பதற்கு விடை ஆயத்தமாகக் காத்திருக்கிறது. பனியன், கொடி, கைபேசியில் ஒரு பாட்டு, வேனின் மேல் ஓர் இடம். பத்தாம் வகுப்பில் தோற்றவனாக இருக்கலாம், அப்பாவுக்கு உப்பளத்தில் கூலியாக இருக்கலாம். ஆனால் இந்த விடை அவனை ஒரே நாளில் ஆண்ட பரம்பரை ஆக்கிவிடுகிறது. சக வயதினரின் கைதட்டலுக்காக எதையும் செய்யும் பருவம் அது, நிதானம் இன்னும் முழுதாக முதிராத மூளை. இதைத் தெரிந்தேதான் விழாவின் பெயரிலேயே 'இளைஞர்' என்று வைக்கிறார்கள். திறமையால் அடையாளம் தேடிக்கொள்ள அவனுக்கு வழி இல்லாமல் போனது நம் கல்வியின் தோல்வி. அந்த வெற்றிடத்தில் சாதி புகுந்தது தற்செயல் அல்ல.

கட்டையன் தெருவுக்குத் திரும்புகிறேன். நெருப்பைப் பார்த்த சிறு குழந்தைகள் அதைச் சொல்லில் சொல்ல மாட்டார்கள். விளையாட்டில் சொல்வார்கள், தூக்கத்தில் சொல்வார்கள், விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்ப வரும், திரளாக வண்டிச் சத்தம் கேட்டால் உள்ளே ஓடுவார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்டோரின் சமூக, பொருளாதார மறுவாழ்வைப் பேசுகிறது. எரிந்த வீட்டுக்கு, பாத்திரத்துக்கு, மாட்டுக்கு மதிப்புப் போடும் முறை இருக்கிறது. பிறந்தது முதல் 18 வயது வரை எல்லாக் குழந்தைகளையும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதித்து வளர்ச்சிக் குறைபாட்டைக் கண்டறியும் தேசியத் திட்டம் தொடங்கியதும் அதே 2013இல்தான். அந்தப் படிவத்தில் உயரம், எடை, பல், காது, பேச்சு எல்லாம் உண்டு. வீடு எரிந்ததைப் பார்த்த குழந்தை என்ற கட்டம் கிடையாது. கட்டையன் தெருவின் எத்தனை குழந்தைகளிடம் அந்த ஆண்டு ஒரு மனநல மருத்துவர் உட்கார்ந்து பேசினார், எத்தனை முறை பேசினார் என்று விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் வெளியிடட்டும்.

அதோடு, அடுத்த உப்புப் பருவம் தொடங்கும் முன்பு செய்ய வேண்டியவை இவை. குத்தகை தோறும் தலையை எண்ணாமல் உப்பளப் பரப்பு முழுவதையும் ஒரே வேலையிடமாக எண்ணி, விடிவதற்கு முன்பே திறக்கும் காப்பகங்களை உப்பளத்தின் ஓரத்திலேயே அமைக்க வேண்டும். அங்கே சமைப்பவர்களும் தாலாட்டுபவர்களும் காலனிப் பெண்களாகவும் இருக்க வேண்டும், ஊர்ப் பெண்களாகவும் இருக்க வேண்டும். இருளர் குழந்தைகளுக்குச் சான்றிதழை அங்கன்வாடிப் பதிவிலிருந்தே தொடங்கி, பள்ளியில் சேரும் நாளில் கையில் கொடுத்துவிட வேண்டும். மரக்காணம் வட்டாரத்தில் இனிக் கட்டும் ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வரைபடம் போடும்போது, அது ஊருக்குள் வருகிறதா, காலனிக்குள் வருகிறதா, இரண்டுக்கும் நடுவில் இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் நடந்து வரும் தூரத்தில் வருகிறதா என்பதை மக்கள் முன்பு கிராமசபையில் வைக்க வேண்டும். நடுவில் இடமில்லை என்று சொல்வார்கள். உப்பளத்துக்கும் சாலைக்கும் நடுவில் கிடக்கும் புறம்போக்கின் புல எண்களை எடுத்துக்கொண்டு நாம் அந்தக் கிராமசபைக்குப் போக வேண்டும்.